ஓடாதே என்றோம், போனைக் கொடுத்தோம்

வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்குள் போன் பெரும்பாலும் நெபுலைசரோடு சேர்ந்தேதான் வருகிறது. முகத்தை மூடும் மாஸ்க், டர்ரென்று இரையும் மெஷின், மூக்குக்கு நேரே வந்து விழும் புகை. இரண்டு வயதுக் குழந்தை இதற்கெல்லாம் அலறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தலையை அப்படியும் இப்படியும் திருப்பும், கையால் தட்டிவிடும். அழுகிற குழந்தைக்கு நுரையீரலுக்குள் போகிற மருந்து வெகுவாகக் குறைந்துவிடும். அழுகைக்குப் பயந்து மாஸ்க்கை ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தாலோ, பாதி மருந்து காற்றோடு போய்விடும். அதனால் அம்மா ஒரு கையில் மாஸ்க்கையும் மறு கையில் போனையும் பிடித்துக்கொள்கிறார். பாட்டு ஓடுகிறது, அழுகை நிற்கிறது, மருந்து தீரும்வரை குழந்தை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருச்சியில் குழந்தைகளுக்கான நுரையீரல் பிசியோதெரபி பார்க்கிறவள் நான். அந்தப் பத்து நிமிடப் போனை நான் யாரிடமும் குறை சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன்.

மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் போன் கையிலேயே தங்கிவிடுவதுதான் என் கவலை. அந்தப் பத்து நிமிடத்தில் வீட்டில் உள்ள எல்லோரும் ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள்: போன் இருந்தால் பிள்ளை அசையாது. அசையாவிட்டால் இழுக்காது. இரவு இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ தேடிய குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேறு என்ன இருக்க முடியும்?

அதன் பிறகு வீட்டில் 'கூடாது' பட்டியல் ஒன்று வளர ஆரம்பிக்கிறது. மழைச் சாரலில் நிற்கக் கூடாது. போகி அன்று வெளியே தலை காட்டக் கூடாது. தீபாவளி வாரம் முழுக்க ஜன்னலைத் திறக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடித்தால் மாடிக்குப் போகக் கூடாது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, வேர்க்க வேர்க்க விளையாடிவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்காரக் கூடாது. பலமாகச் சிரிக்காதே என்று அதட்டுகிற பாட்டியைக்கூடப் பார்த்திருக்கிறேன். பாட்டி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாத குழந்தைக்குச் சிரிப்பே இருமலையும் இழுப்பையும் கிளப்பிவிடும். இந்தப் பட்டியலில் பாதி நியாயமானது, பாதி பயம். இரண்டையும் பிரித்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லாததால் எல்லாமே சட்டமாகிவிடுகிறது. இத்தனை தடைகளுக்கும் பிறகு அந்தப் பிள்ளைக்கு வீட்டில் அனுமதி உள்ள ஒரே பொழுதுபோக்கு போன்தான்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. மற்ற பிள்ளைகள் இடையிடையே தெருவில் இறங்கி விளையாடியபோதும் வீசிங் பிள்ளைகளின் வீட்டில் கதவு சாத்தியே இருந்தது. நுரையீரல் நோய் என்றால் பயப்படத்தானே செய்வார்கள்? வகுப்பும் போனில், விளையாட்டும் போனில், கூட்டாளிகளும் போனில். பள்ளி திறந்த பிறகும் என்னிடம் வந்த பிள்ளைகளில் பலருக்கு அந்த நாட்களின் நேரக்கணக்கு மாறவே இல்லை.

குழந்தைகளின் போன் பழக்கம் பற்றிப் பேசும்போது எல்லோரும் கண்டிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். பிடுங்கி வை, பாஸ்வேர்டு மாற்று, வைஃபையை அணை. சாதாரணப் பிள்ளைக்கு இது பலிக்கலாம். நாள்பட்ட மூச்சுக் கோளாறு உள்ள பிள்ளையிடம் போனைப் பிடுங்கினால் அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பீர்கள்? ஓடக் கூடாது என்ற உத்தரவு அப்படியே இருக்கும்போது அந்தப் பிள்ளை வெறும் சுவரைத்தான் பார்க்க வேண்டும். முதலில் இழுப்பு கட்டுக்குள் வர வேண்டும், அடுத்து கால் ஓடப் பழக வேண்டும், போன் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றிய வீடுகளில் சண்டை மட்டும்தான் மிஞ்சுகிறது.

உட்கார்ந்தே இருப்பது மூச்சை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாம் எல்லோருமே அறியாமல் அவ்வப்போது ஒரு பெருமூச்சு விடுகிறோம். மனக்கஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஆழ்ந்த மூச்சு, மூச்சுக்குழாய்களைச் சுற்றியுள்ள தசையை இழுத்து நீட்டி, இறுகிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒவ்வாமை ஆராய்ச்சியாளர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் இடம்பெற்ற குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புத்தகம் வாசிக்கும்போது விடுகிற அளவுக்குப் பெருமூச்சு, திரையைப் பார்க்கும்போது வருவதில்லை என்று அதில் கண்டார்கள். திரைக்கு முன் மூச்சு மேலோட்டமாகவே ஓடுகிறது. ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளையின் மார்பை ஒரு நிமிடம் பாருங்கள். தோள் முன்னால் விழுந்திருக்கும், முதுகு வளைந்திருக்கும், விலா எலும்பு அசைவதே தெரியாது.

2009இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மூன்றரை வயதுவரை இழுப்பே இல்லாதிருந்த குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, அந்த வயதில் நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் டிவி பார்த்தவர்களுக்குப் பதினொன்றரை வயதுக்குள் ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. டிவிதான் ஆஸ்துமாவைக் கொண்டுவந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆய்வு செய்தவர்களும் அப்படிச் சொல்லவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்த நேரம் ஓடியாடாமல் போன நேரமும்தான். ஆனால் ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளையை நாளெல்லாம் உட்காரவைப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறையாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டிவந்தார். கன்னமும் வயிறும் நன்றாகப் பூசியிருந்தது. "இவன் நாலு எட்டு ஓடினா மூச்சு வாங்குதுங்க மேடம். அதான் எதுக்கும் விடறதில்லை" என்றார். பையன் பெஞ்சில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான்.

என் மேஜையில் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்ன குழாய் இருக்கிறது. மூச்சை முழுக்க இழுத்து ஒரே வேகத்தில் ஊதினால் முள் நகர்ந்து ஒரு எண்ணைக் காட்டும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் எண் இறங்கும். மூன்று முறை ஊதச் சொன்னேன், அதிகபட்சம் 230. பிறகு வராந்தாவில் ஆறு நிமிடம் ஓடச் சொன்னேன். நெபுலைசரும் மருந்தும் பக்கத்திலேயே தயாராக இருந்தன. அவன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் இரண்டாவது நிமிடத்திலேயே முகம் சிவந்து, இடுப்பில் கை வைத்து, வாயால் மூச்சு வாங்கினான். "பாத்தீங்களா மேடம், வந்துருச்சு" என்றார். மெதுவாக நடக்கவைத்து மறுபடி ஓடவைத்து முடித்தோம்.

ஓடினால் வருகிற இழுப்பு ஓடும்போதே தொடங்கலாம். ஆனால் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் ஓட்டத்தை நிறுத்திய ஐந்து பத்து நிமிடத்தில்தான். அதனால் காத்திருந்து ஊதவைத்தேன். ஐந்தாவது நிமிடம் 220. பத்தாவது நிமிடம் 225. குழந்தைகளுக்கு 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால்தான், அதாவது இவனுக்கு 195 அளவுக்குப் போனால்தான், ஓட்டம் மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது என்று எடுத்துக்கொள்வோம். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தேன், விசில் சத்தம் துளியும் இல்லை.

"அப்ப இது வீசிங் இல்லையா?"

"இல்லம்மா. ஓடியே ரொம்ப நாளாச்சு இல்லையா, உடம்புக்குத் தாங்கலை. நாம ரெண்டு பேரும் படி ஏறினா வாங்கற மூச்சுதான் இது."

அவர் பதில் பேசவில்லை. பையன், போன வாரம் வந்த பிள்ளைகளில் யாராவது 230க்கு மேல் ஊதினார்களா என்று கேட்டான்.

இந்தச் சுழல்தான் நான் அடிக்கடி பார்ப்பது. இழுப்புக்குப் பயந்து ஓட்டத்தை நிறுத்துகிறோம். ஓடாததால் தெம்பு குறைகிறது, எடை ஏறுகிறது. எடை ஏறினால் ஆஸ்துமாவை அடக்குவதும் கஷ்டமாகிறது. பிறகு கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்குகிறது. அதை இழுப்பு என்று நினைத்து இன்னும் உட்காரவைக்கிறோம். உட்கார்ந்த பிள்ளையின் கையில் போன்.

எல்லாப் பிள்ளைக்கும் எண் இப்படி நல்லவிதமாக நிற்பதில்லை. சிலருக்கு நிஜமாகவே சரசரவென்று இறங்கும். வேகமாக வாயால் மூச்சு விடும்போது உள்ளே போகும் காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, அந்த வறட்சியில் குழாய் சுருங்குகிறது. இதற்கும் வழி இருக்கிறது. எடுத்தவுடனே ஓடாமல், பத்து நிமிடம் இடையிடையே நிறுத்தி மெதுவாக உடம்பைச் சூடேற்றிக்கொண்டால் பலருக்குச் சுருக்கம் குறையும். தேவைப்பட்டால் விளையாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு நீல நிற பம்ப்பை, அதாவது மூச்சுக்குழாயைச் சட்டென்று விரிக்கும் இன்ஹேலரை, எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தருவார். நீச்சல் குளத்தின் ஈரக்காற்று நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்கிறது, குளோரின் நெடி அதிகமான குளம் சிலருக்கு ஆகாது. ஓடும்போதெல்லாம் இழுக்கிறது என்றால் அன்றாடம் எடுக்கும் தடுப்பு மருந்து போதவில்லை அல்லது சரியாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பிள்ளையை உட்காரவைக்க அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கேதான் இன்ஹேலர் பயம் வந்து நிற்கிறது. "பம்ப் வச்சா பழக்கமாயிடும்", "பொண்ணுக்கு பம்ப்னு தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணப் பேச்சுல வரும்", "ஸ்டீராய்டுங்க, வளத்தி நின்னுடும்." வளர்த்தி பற்றிய பயத்தில் ஓரளவு உண்மை இருப்பதால் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 13 வயதுக் குழந்தைகளுக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் புடசோனைட் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்து, அவர்கள் பெரியவர்களான பிறகு அளந்து பார்த்தார்கள். 2012இல் வெளியான அந்த முடிவின்படி, மருந்து எடுக்காத குழுவைவிட உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. அவ்வளவுதான். அந்த ஒன்றேகால் சென்டிமீட்டருக்குப் பயந்து பிள்ளையின் ஓட்டத்தையும் தூக்கத்தையும் பள்ளி நாட்களையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. மாதா மாதம் இழுப்பு வந்து வாய்வழி ஸ்டீராய்டு எடுப்பதோடு ஒப்பிட்டால் பம்ப்பில் வருவது மைக்ரோகிராம் கணக்கு.

மருந்து எழுதித் தந்தும் உள்ளே போகாத வீடுகள் நிறைய. பம்ப்பை நேராக வாயில் வைத்து அழுத்தினால் மருந்து தொண்டையில் அடித்து நின்றுவிடும், அதனால் குழந்தைக்கு ஸ்பேசர், அதாவது பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழாய், அவசியம். குலுக்கி, ஒரு அழுத்து, ஐந்தாறு சாதாரண மூச்சு. அடுத்த அழுத்துக்கு மறுபடி குலுக்க வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிட வேண்டும். பளபளவென்று இருக்கட்டும் என்று துணியால் துடைக்கிறார்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இந்தச் சின்ன விஷயத்தைச் சரிசெய்தே இரவு இருமல் அடங்கிய பிள்ளைகள் உண்டு.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன் அதிக சேதம் செய்வது அப்போதுதான். ஆஸ்துமாவுக்கு மோசமான நேரம் விடியற்காலை மூன்று நான்கு மணி. இயல்பாகவே அந்த நேரத்தில் மூச்சுக்குழாய் சற்றுச் சுருங்கியிருக்கும். பதினோரு மணிவரை போர்வைக்குள் போன் பார்த்துவிட்டுத் தூங்கின பிள்ளை, மூன்றரைக்கு இருமலோடு எழுந்து உட்கார்ந்தால் மீதித் தூக்கமும் போச்சு. எழுந்த பிள்ளையைச் சமாதானப்படுத்த மறுபடி போன். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

எங்கே படுத்துப் பார்க்கிறது என்பதும் முக்கியம். பெரும்பாலும் மெத்தையில், தலையணையில் முகம் புதைத்து. நம் ஊர்ப் புழுக்கத்தில் தூசிப்பூச்சிகள் செழித்து வளரும் இடமே பழைய மெத்தையும் தலையணையும்தான். ஜன்னல் சாத்திய அறை, கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. தெருத் தூசிக்குப் பயந்து உள்ளே வைத்திருக்கிற பிள்ளை இந்தக் காற்றைத்தான் மணிக்கணக்கில் சுவாசிக்கிறது. கொசுவலை கட்டுங்கள் என்று நான் சொல்லாத நாளே கிடையாது.

இத்தனைக்கும் பிறகுதான் போனுக்கு வருகிறேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் அளவு இது: 2 வயதுவரை உறவினரோடு வீடியோ காலில் பேசுவது தவிர எதுவும் வேண்டாம். 2 முதல் 5 வயதுவரை அதிகபட்சம் 1 மணி நேரம், அதற்கு மேல் 10 வயதுவரை 2 மணி நேரத்துக்குள். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படியான உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. வீசிங் உள்ள பிள்ளைக்கு இது பொருந்தாது என்று எந்த வழிகாட்டியிலும் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது கணக்குதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்த பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணிக்கே கண் சொருகும். முதல் கணக்கில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நெபுலைசர் நேரத்துப் போனை விட்டுவிடுங்கள். இழுப்பு வந்து படுத்திருக்கிற நாளில் பிள்ளை படம் பார்த்தால் பார்க்கட்டும், அன்று சண்டை வேண்டாம். இழுப்பு விட்ட மறுநாள் அந்தச் சலுகை முடிகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படுக்கையில் போன் மட்டும் எந்த நாளும் வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு. சின்ன வயதில் ஆஸ்துமா ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். வயதுக்கு வரும் பருவத்தில் அது மாறுகிறது. பல பையன்களுக்குக் குறைகிறது, பெண்களுக்குக் கூடுகிறது. நம் வீடுகளில் பெண் பிள்ளையைத் தெருவிலிருந்து உள்ளே கூப்பிடுவதும் அதே பன்னிரண்டு பதிமூன்று வயதில்தான். நுரையீரலுக்கு ஓட்டம் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் கோகோ, ரிங் பால், சைக்கிள் எல்லாம் நின்றுபோகிறது. "அவளுக்குதான் வீசிங் இருக்கே" என்பது நல்ல சாக்காகிவிடுகிறது. அறைக்குள் போனோடு இருக்கும் பெண்ணை 'அடங்கின பிள்ளை' என்று உறவுக்காரர்கள் மெச்சுகிறார்கள். பிரிட்டன் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃபுக்குப் பதினான்கு வயதில் ஆஸ்துமா என்று கண்டுபிடித்தார்கள். 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி முடித்தவர் அவர். பெண்கள் மாரத்தானில் அந்த உலக சாதனையை உடைக்க 2019வரை யாராலும் முடியவில்லை. இதை நான் பெண் பிள்ளைகளிடம் சொல்வதைவிட அவர்கள் அப்பாக்களிடம் சொல்வதுதான் அதிகம்.

பள்ளியிலும் வேலை பாக்கி இருக்கிறது. பி.டி. பீரியடில் வீசிங் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பம்ப் அலுவலக அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தேட வேண்டும். மைதானத்தில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று பி.டி. ஆசிரியருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே உட்கார் என்பார், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னிடம் வருகிற பெற்றோருக்கு ஒரு தாளில் எழுதித் தருகிறேன்: எந்த பம்ப், எத்தனை அழுத்து, எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வகுப்பு ஆசிரியரிடம் ஒன்று, பி.டி. ஆசிரியரிடம் ஒன்று கொடுக்கச் சொல்கிறேன். நீல பம்ப்பும் ஸ்பேசரும் பிள்ளையின் பையில், பிள்ளை மைதானத்துக்குப் போனால் பையும் கூட. உங்கள் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்து, இதை ஆசிரியர் யாராவது வாசித்தால், அந்தத் தாளை அந்த வீட்டில் நீங்களே கேட்டு வாங்குங்கள். பயத்தில் அவர்கள் கொடுக்காமல் இருக்கக்கூடும்.